கோதுமைத் தண்டுத் துரு: பயிர் இல்லாத மாதங்களின் கேள்வி

பெரிய தானியப் பயிர்களுள் நெல்லுக்கு மட்டும் துரு நோய் இல்லை. சோறு உண்ணும் மக்களின் வேளாண் நினைவில் இந்நோய்க்குத் தனி இடம் அமையாமல் போனதற்கு அதுவே முதற்காரணமாக இருக்க வேண்டும். கோதுமை, வாற்கோதுமை, ஓட்ஸ், ரை, மக்காச்சோளம், சோளம், கம்பு ஆகியவற்றிலும், வரப்போரத்து அருகம்புல்லிலும்கூட, அந்தந்தப் புல்லுக்கென்றே அமைந்த துருப் பூஞ்சைகள் உண்டு. இவற்றுள் மனித வரலாற்றில் மிகுந்த சேதம் விளைவித்தது, 1794ஆம் ஆண்டு பெர்சூன் என்ற பூஞ்சையியலாளர் பக்சீனியா கிராமினிஸ் எனப் பெயரிட்ட தண்டுத் துருப் பூஞ்சை ஆகும். இது கட்டாய ஒட்டுண்ணி, அதாவது இயற்கையில் உயிருள்ள செடியின் திசுவில் மட்டுமே உணவு பெற்று வளரக்கூடியது. அழுகல் பூஞ்சைகளைப்போல் மட்கிய தாளிலோ மண்ணிலோ பிழைத்துக் கிடக்க இதனால் இயலாது. அறுவடை முடிந்து கோதுமைத் தாள் காய்ந்ததும் இதன் சோறு தீர்ந்துவிடுகிறது. ஆயினும் அடுத்த பருவத்துப் பயிர் கதிர் வாங்கும் வேளையில் இது மறுபடியும் வந்து சேர்கிறது. இடைப்பட்ட மாதங்களில் இப்பூஞ்சை எங்கே இருந்தது என்ற கேள்விதான் துரு நோய் ஆராய்ச்சியின் முதுகெலும்பு. அக்கேள்விக்கு ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் இந்தியாவும் கிழக்கு ஆப்பிரிக்காவும் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன. ஓரிடத்து விடையை மற்றோரிடத்துக்கு அப்படியே எடுத்துச் சென்றபோதெல்லாம் நோய்த் தடுப்பு தவறிப்போயிருக்கிறது.

நோய் எவ்வாறு தோன்றுகிறது என்பதைச் சற்று அருகில் வைத்துக் காண்பது நலம். காற்றில் வந்து கோதுமையின் தண்டிலோ இலையுறையிலோ படியும் யூரிடோஸ்போர், அதாவது புல்லிலிருந்து புல்லுக்கு நோயைப் பரப்பும் செந்நிற நுண்வித்து, ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் முப்பதுக்கு மேல் அடுக்கத்தக்க அளவுடையது. பனிநீர் சில மணி நேரம் உலராமல் நின்றால் அது முளைத்து ஒரு குழாயை நீட்டும். அக்குழாய் இலை நரம்புகளுக்குக் குறுக்காக ஊர்ந்து, வரிசையாக அமைந்துள்ள இலைத்துளைகளில் ஒன்றைத் தொட்டதும் நின்று, அதன் வாயில்மேல் மெத்தைபோல் உப்பிக்கொள்ளும். இரவில் இவ்வளவு நடந்தாலும், விடிந்து ஒளி பட்ட பின்னரே இலைத்துளை வழியாக உள்ளே புகும் வேலை ஒழுங்காக நிறைவேறுகிறது. உள்ளே பரவும் பூஞ்சை இழைகள் செடியின் செல்களைக் கொன்றுவிடுவதில்லை. ஒவ்வொரு செல்லின் சுவரையும் துளைத்து, ஹாஸ்டோரியம் எனப்படும் உறிஞ்சுறுப்பை நுழைத்து, சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் இழுத்துக்கொள்கின்றன. வெப்பத்தைப் பொறுத்து ஒன்றிலிருந்து இரண்டு வாரத்திற்குள் தண்டின் மேல்தோல் நீளவாக்கில் கிழிந்து, கிழிந்த தோலின் ஓரங்கள் பிசிறாகத் தெரிய, செங்கல் நிறக் கொப்புளம் வெடிக்கும். ஒரு கொப்புளம் நாளொன்றுக்குச் சுமார் 10,000 ஸ்போர்களை உதிர்க்கவல்லது. நோய் கண்ட வயலுள் நடந்து வருபவரின் வேட்டி செம்புழுதி படிந்ததுபோல் ஆகிவிடும். கிழிந்த தோல் வழியே நீர் இழந்து, மணிக்குச் செல்ல வேண்டிய சத்தை ஒட்டுண்ணிக்குக் கொடுத்து, பயிர் சாய்கிறது. அறுவடைக்கு மூன்று வாரம் இருக்கையில் செழித்துத் தோன்றிய வயல், அறுக்கும் நாளில் சுருங்கிய மணிகளும் ஒடிந்த தாள்களுமாகக் கிடக்கும். பயிர் முதிரும் தறுவாயில் அதே கொப்புளங்களில் செந்நிற ஸ்போர்களுக்குப் பதில் கருநிற ஸ்போர்கள் உருவாவதால், இந்நோய்க்குக் கருந்துரு என்ற பெயரும் உண்டு.

நோயின் பழமைக்குத் திட்டவட்டமான சான்று இருக்கிறது. இஸ்ரேலில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 3,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட கோதுமை உமியில் இப்பூஞ்சையின் ஸ்போர்கள் கண்டறியப்பட்டதை 1982இல் கிஸ்லெவ் வெளியிட்டார். ரோமர்கள் ஏப்ரல் 25ஆம் நாள் ரோபிகஸ் என்ற தெய்வத்துக்கு நாயைப் பலியிட்டு, பயிரைத் துரு தீண்டாதிருக்க வேண்டினர். ஆயினும் இது செடியின் நோய்ச் சுரப்பன்று, செடியின்மேல் வாழும் வேறோர் உயிர் என்பதை 1767ஆம் ஆண்டில் இத்தாலியர்களான ஃபொன்டானாவும் தார்ஜியோனி தொசெத்தியும் தனித்தனியே எழுதும்வரை அறிவியல் உலகம் உணர்ந்திருக்கவில்லை.

உழவர்கள் அதற்கு முன்பே ஒரு புதரைச் சந்தேகித்திருந்தனர். ஐரோப்பிய வேலியோரங்களில் வளர்க்கப்பட்ட, மஞ்சள் கட்டையும் முள்ளும் சிவந்த புளிப்புப் பழமும் உடைய பெர்பெரிஸ் புதரின் அருகிலுள்ள வயல்களில் துரு முந்தி வருகிறது, கடுமையாகவும் வருகிறது என்பது அவர்கள் கண்டறிந்தது. இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள் அப்புதரையும் கொண்டுசென்ற வட அமெரிக்காவில், கனெக்டிகட் குடியேற்றம் 1726இலேயே அதனை அழிக்க வகைசெய்யும் சட்டம் இயற்றியது. கற்றவர்கள் பலர் இதனை நாட்டுப்புற மூடநம்பிக்கை என்று ஒதுக்கினர். புதரின் இலையில் காணும் ஆரஞ்சு நிறக் கிண்ணங்களும் கோதுமைத் தண்டின் செங்கொப்புளமும் உருவத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்பது அவர்களின் வாதம். 1805இல் ஜோசப் பேங்க்ஸ் உழவர் பக்கம் நியாயம் இருக்கக்கூடும் என்று எழுதினார். 1816இல் ஷேலர் என்ற டென்மார்க் பள்ளி ஆசிரியர், நோயுற்ற பெர்பெரிஸ் இலைகளை ஈரமான ரைப் பயிரில் தேய்த்துத் துருவை வரவழைத்துக் காட்டியபோதும் அறிஞர்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஜெர்மானியரான அன்டன் டி பாரி 1865ஆம் ஆண்டளவில் ஸ்போர்களைக் கொண்டு ஒவ்வொரு கட்டமாகச் செய்து காட்டிய பின்னரே வழக்கு முடிந்தது. உழவர்களின் கூற்று மெய்ப்பட ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது என்பதை வேளாண் அறிவியலின் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகின்றனர்.

டி பாரி காட்டிய சுழற்சி உயிரியலில் அரிதான சிக்கல் உடையது. கோதுமைத் தாளில் உருவாகும் கருநிற டீலியோஸ்போர் இரண்டு அறைகளும் தடித்த சுவரும் கொண்டது; உறைபனிக் காலத்தைத் தாங்கிக் கிடக்க வல்லது. இளவேனில் தொடங்கும்போது அது முளைத்து, பெசிடியோஸ்போர் எனப்படும் மெல்லிய, நிறமற்ற ஸ்போர்களை வெளியிடும். அவற்றால் கோதுமையைத் தொற்ற இயலாது. சிறிது தூரமே பறந்து, பெர்பெரிஸின் இளந்தளிரில் விழுந்தால் மட்டுமே வாழ்வு உண்டு. தளிரின் மேற்புறத்தில் குடுவை வடிவ உறுப்புகள் தோன்றி, பிக்னியோஸ்போர்கள் கலந்த இனிப்பு நீரைக் கசியும். கனடாவின் வின்னிபெக் ஆய்வகத்தில் பணியாற்றிய கிரெய்கி 1927இல் வெளியிடும்வரை இந்த இனிப்பு நீரின் பயன் விளங்கவில்லை. ஒரு புள்ளியின் நீரை மற்றொரு புள்ளியின் நீரோடு கலந்தால்தான் அடுத்த கட்டம் உருவாகிறது என்பதைக் கண்டு, இதுவே பூஞ்சையின் பாலினக் கூடல் என்றும், ஈக்களும் பிற பூச்சிகளும் இதனை நடத்திவைக்கின்றன என்றும் அவர் நிறுவினார். கூடலுக்குப் பின் இலையின் அடிப்புறத்தில் கிண்ணங்கள் தோன்றி ஏசியோஸ்போர்களை வீசும். இவற்றால் பெர்பெரிஸைத் தொற்ற இயலாது, புல்லை மட்டுமே தொற்ற இயலும். ஆக, ஐந்து வகை ஸ்போர்கள், உறவேயில்லாத இரண்டு செடிகள். இவ்வாறு வாழ்நாளைப் பகிரும் இரண்டாவது செடியை மாற்று ஓம்புயிர் என்பர். தமிழ்நாட்டு வயல்களில் இதே ஏற்பாட்டைக் காண விரும்புவோர் தொலைவு செல்ல வேண்டியதில்லை: கம்பைத் தாக்கும் துருவுக்குக் கத்தரிச் செடியும், சோளத் துருவுக்குத் தரையோடு படரும் புளியாரையும் மாற்று ஓம்புயிர்கள்.

பெர்பெரிஸ் குளிர்காலத்தைக் கடத்திவைக்கும் இடம் மட்டும் அன்று. கூடல் நடக்கும் இடமும் அதுவே என்பதால், புதிய மரபணுச் சேர்க்கைகள் ஆண்டுதோறும் பிறக்கும் தொட்டிலும் அதுவே. இதன் முக்கியத்துவம் உள்ளினங்கள் கண்டறியப்பட்ட பின் தெளிவாயிற்று. ஸ்வீடனில் எரிக்சன் 1894இல், உருவத்தில் வேறுபாடில்லாத இப்பூஞ்சை கோதுமைக்கு ஒன்று, ஓட்ஸுக்கு ஒன்று, ரைக்கு ஒன்று எனச் சிறப்பு வடிவங்களாகப் பிரிந்திருப்பதைக் காட்டினார். மினசோட்டாவில் ஸ்டாக்மன் முதல் உலகப் போர்க் காலத்தில் இன்னும் ஒரு படி சென்று, கோதுமைக்கான வடிவத்துக்குள்ளேயே, ஒரு ரகத்தைத் தாக்கி மற்றொரு ரகத்தை விட்டுவிடும் பல உள்ளினங்கள் இருப்பதை வெளிப்படுத்தினார். நுண்ணோக்கியில் இவற்றைப் பிரித்தறிய இயலாது; குறிப்பிட்ட சில கோதுமை ரகங்களில் தொற்றவைத்து, எது நோயுறுகிறது, எது தாங்குகிறது என்று பார்த்தே அடையாளம் காண வேண்டும். ஸ்டாக்மனும் லெவினும் 1922இல் வகுத்த பன்னிரண்டு சோதனை ரகங்களுள் இந்தியாவின் கப்ளி கோதுமையும் ஒன்று. தமிழ்நாட்டுக் கடைகளில் சம்பா கோதுமை என்று விற்கப்படும், உமி எளிதில் நீங்காத பழங்கோதுமை வகையைச் சேர்ந்தது அது; அன்று அறியப்பட்ட உள்ளினங்களில் மிகப் பலவற்றை எதிர்த்து நின்றதால் பின்னர் எதிர்ப்பு மரபணுக்களுக்கும் மூலமாயிற்று.

1916இல் அமெரிக்க, கனடிய வயல்களைத் துரு சூறையாடியதையும் போர்க்கால உணவுத் தட்டுப்பாட்டையும் அடுத்து, அமெரிக்கா 1918இல் பெர்பெரிஸ் ஒழிப்பைத் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகள் வரை அணி திரட்டப்பட்டு, வேரோடு பிடுங்கியும் குழியில் உப்பைக் கொட்டியும் பல கோடிப் புதர்கள் அழிக்கப்பட்டன. இப்பணி அறுபது ஆண்டுகள் வரை நீடித்தது. பயன் உண்மையானது: உள்ளூரில் முந்தித் தொடங்கும் தொற்று குறைந்தது, புதிய உள்ளினங்கள் தோன்றும் வேகமும் தணிந்தது. ஆனால் நோய் மறையவில்லை. 1935இல் வடக்கு டகோட்டாவிலும் மினசோட்டாவிலும் பாதி விளைச்சலுக்கு மேல் பறிபோயிற்று. காரணம், விடையின் மறுபாதி தெற்கே இருந்தது. டெக்சாஸிலும் வட மெக்சிகோவிலும் குளிர்காலக் கோதுமை பசுமையாக நிற்கும்போது யூரிடோஸ்போர்கள் அதில் தங்கி, இளவேனிலில் தென்காற்றோடு படிப்படியாக வடக்கே ஏறி, கோடையில் கனடாவை எட்டுகின்றன. ஸ்டாக்மன் 1921இல் விமானத்தில் வாசலின் பூசிய கண்ணாடித் தகடுகளை ஏந்திச் சென்று, நிலத்துக்கு மேலே ஆயிரக்கணக்கான அடி உயரத்தில் ஸ்போர்களைப் பிடித்துக் காட்டினார். பெர்பெரிஸை நாடே அழித்தாலும் காற்றின் பாதையை யாராலும் அழிக்க இயலாது.

இந்திய விடை இவ்விரண்டிலிருந்தும் மாறுபட்டது. இதில் தமிழ்நாட்டு மலைகளுக்கு நேரடிப் பங்கு உண்டு. நர்மதைப் பள்ளத்தாக்கில் 1820களின் இறுதியிலும் 1830களின் தொடக்கத்திலும் கோதுமை துருவால் அழிந்ததை, அப்பகுதியில் அதிகாரியாக இருந்த ஸ்லீமன் 1844இல் வெளியான தம் நூலில் விவரித்துள்ளார். 1946-47இல் மத்திய இந்தியாவில் நேர்ந்த பெருந்தொற்றின் இழப்பு ஏறத்தாழ 20 இலட்சம் டன் என மதிப்பிடப்பட்டது. பஞ்சத்தின் நிழல் விலகாத, நாட்டுப் பிரிவினையை நோக்கிச் சென்றுகொண்டிருந்த ஆண்டு அது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையில், ஆக்ரா கல்லூரிப் பேராசிரியர் கரம் சந்த் மேத்தா 1920களில் இக்கேள்வியைக் கையில் எடுத்தார். ஐரோப்பிய நூல்களைப் பயின்ற எவரும் முதலில் இமயத்துப் பெர்பெரிஸையே சந்தேகித்திருப்பர். அங்கு அப்பேரினத்தைச் சேர்ந்த புதர்கள் ஏராளம். மேத்தா அதனையும் சோதித்தார். ஆனால் இந்தியச் சமவெளியில் தாளில் தங்கும் டீலியோஸ்போர்கள் கோடை வெப்பத்தில் முளைக்கும் திறனை இழந்துவிடுகின்றன. யூரிடோஸ்போர்களும் அவ்வெப்பத்தில் மடிகின்றன. சமவெளியில் நோய் ஆண்டுதோறும் முற்றாக அழிந்து, ஆண்டுதோறும் வெளியிலிருந்து புதிதாக வருகிறது என்பதே அவர் கண்ட முடிவு. எங்கிருந்து வருகிறது என்பதைக் காண, நாட்டின் பல இடங்களில் ஸ்போர் பிடிக்கும் தகடுகளை வைத்தும், மலைப் பயிர்களை மாதந்தோறும் பார்வையிட்டும் அவர் நடத்திய ஆய்வு 1940இல் நூலாக வெளிவந்தது.

தண்டுத் துருவைப் பொறுத்தவரை அவ்விடம் நீலகிரியும் பழனி மலைகளும். மிதமான தட்பவெப்பம் உடைய அம்மலைகளில் கோதுமை ஒரு பருவத்தில் மட்டுமன்றி, விதைத்ததும் தானே முளைத்ததுமாக ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு மூலையில் பச்சையாக நின்றது. பூஞ்சை ஒரு வயலிலிருந்து மறு வயலுக்கு மாறி, செந்நிற ஸ்போர் வடிவத்திலேயே காலம் தள்ளியது. நீலகிரியிலும் பெர்பெரிஸ் உண்டு. மலைவாழ் மக்கள் பழம் பறித்து உண்ணும் ஊசிக்களா அப்பேரினத்தைச் சேர்ந்ததுதான். மாற்று ஓம்புயிரின் உறவினப் புதர் வயலுக்கு அருகிலேயே இருந்தும், இங்கு நோய்ச் சுழற்சி அதன் வழியாக நடைபெறுவதில்லை. பசும் பயிர் எப்போதும் கிடைக்கையில் பூஞ்சைக்கு அச்சுற்றுவழி தேவைப்படவும் இல்லை.

மேத்தா விடை காணாமல் விட்டது ஒன்று: ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மத்திய இந்திய வயல்களை நீலகிரி ஸ்போர்கள் எப்படி, எந்த நாளில் அடைகின்றன? இதற்கு 1970களில் ஜோஷி, நாகராஜன், சிங் முதலானோர் தந்த விளக்கம் வானிலையியலும் பயிர் நோயியலும் சேர்ந்து செய்த நல்ல ஆய்வுகளுள் ஒன்று. செயற்கைக்கோள் மேகப் படங்களையும், மழைநீரில் கிடைத்த ஸ்போர்களையும், வயலில் முதற்கொப்புளம் தென்பட்ட நாள்களையும் ஒப்பிட்ட அவர்கள், நவம்பர் மாதத்தை ஒட்டித் தென்னிந்தியக் கடற்பகுதியில் உருவாகி மத்திய இந்தியாவில் வலுவிழக்கும் புயலோ காற்றழுத்தத் தாழ்வோ இதற்கு வேண்டும் என்றனர். அத்துடன் தென் மத்திய இந்தியாவின் மேல் உயர் அழுத்தமும், மேற்கிலிருந்து நகரும் வானிலைக் குலைவின் விளைவாகத் தெற்குவரை நீளும் தாழ்வழுத்தப் பள்ளமும் அமைந்தால், நீலகிரியின் மேலெழுந்த ஸ்போர்கள் மேகத்தோடு வடக்கே சென்று மழையோடு இறங்கும். இவ்விதிகள் இந்தியத் தண்டுத் துரு விதிகள் எனப் பெயர் பெற்றன. நவம்பர்ப் புயல் என்றதும் கடலோர மாவட்டங்கள் மட்டுமே நினைவுக்கு வரும் தமிழ் வாசகர், அதே புயல் போபாலுக்கு அப்பாலுள்ள கோதுமைக்கும் செய்தி கொண்டுசெல்லக்கூடும் என்பதைக் கருத்தில் கொள்ளலாம்.

பஞ்சாப், ஹரியானா ஆகிய வடமேற்குச் சமவெளிகள் தண்டுத் துருவால் பெரிதும் பாதிக்கப்படாததும் இதே கணக்கில் அடங்கும். டிசம்பர், ஜனவரியில் அங்குள்ள குளிர் இப்பூஞ்சைக்கு ஒவ்வாது. வெப்பம் ஏறி, தெற்கிலிருந்து நோய் வந்து சேரும் மார்ச் இறுதியில் பயிர் முற்றிவிட்டிருக்கும். அங்கு கவலைக்குரியது குளிரை விரும்பும் மஞ்சள் துரு. அது இமய மலைச்சரிவுகளிலிருந்து இறங்குவது. ஒரே பயிரின் இரண்டு துருக்கள் நாட்டின் இரு முனை மலைகளிலிருந்து புறப்படுகின்றன.

இருப்பிடம் பற்றிய அறிவு ஒருபுறம் வளர, மறுபுறம் எதிர்ப்புத் திறனுள்ள ரகங்களை உருவாக்கும் பணி வேகமெடுத்தது. நிதியும் புகழும் இப்பக்கமே சென்றன. அமெரிக்காவில் மெக்ஃபாடன், யாரோஸ்லாவ் என்ற பழங்கோதுமையை மார்க்விஸ் ரொட்டிக் கோதுமையோடு கலந்து 1920களில் உருவாக்கிய ஹோப் என்ற ரகம் எஸ்ஆர்2 என்ற எதிர்ப்பு மரபணுவைத் தந்தது. இது நோயை முற்றாகத் தடுப்பதில்லை. முதிர்ந்த செடியில் அதன் வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. ஆனால் நூறாண்டை நெருங்கியும் இதன் பயன் தீரவில்லை. இதற்கு மாறாக, ஒற்றை மரபணுவால் முழுத் தடுப்புத் தரும் ரகங்கள் வரிசையாக வீழ்ந்தன. 1950களின் தொடக்கத்தில் 15பி என்ற உள்ளினம் வட அமெரிக்காவின் துரம் கோதுமையைப் பெருமளவில் அழித்தது. வடக்கு டகோட்டாவில் ஆளிச் செடியின் துருவை ஆராய்ந்த ஃப்ளோர், செடியின் ஒவ்வோர் எதிர்ப்பு மரபணுவுக்கும் எதிரிணையாக ஒட்டுண்ணியில் ஒரு மரபணு உண்டு என்று 1940களில் காட்டியது இவ்வீழ்ச்சிகளுக்கு விளக்கம் தந்தது: ஒட்டுண்ணியின் அந்த ஒரு மரபணு மாறினால் போதும், செடியின் காவல் அதனை அடையாளம் காணாது விட்டுவிடும். மெக்சிகோவில் 1944 முதல் பணியாற்றிய போர்லாக் முதலில் எதிர்த்துப் போராடியது தண்டுத் துருவைத்தான். குட்டைக் கோதுமை பின்னர் வந்தது. இந்தியாவில் பி.பி. பால் தலைமையில் உருவாகி 1954இல் வெளியான என்.பி. 809, தண்டுத் துரு, மஞ்சள் துரு, இலைத் துரு ஆகிய மூன்று துருக்களையும் தாங்கிய முதல் இந்திய ரகம்.

பசுமைப் புரட்சிக்குப் பின் வந்த நீண்ட அமைதிக்குக் கணிசமான பொறுப்பு எஸ்ஆர்31 என்ற மரபணுவைச் சேரும். ரைத் தானியத்தின் ஒரு நிறமூர்த்தத் துண்டோடு கோதுமைக்குள் வந்த அது உலகெங்கும் பரவியது. இந்தியாவின் வடமேற்கில் பல இலட்சம் ஹெக்டேரில் விதைக்கப்பட்ட பி.பி.டபிள்யூ. 343 என்ற ரகமும் அதனைத் தாங்கியிருந்தது. 1998இல் உகாண்டாவில் எஸ்ஆர்31 உள்ள செடிகளில் கொப்புளம் கண்டபோதுதான், உலகக் கோதுமை எவ்வளவு குறுகிய அடித்தளத்தில் நின்றது என்பது தெரியவந்தது. யூஜி99 எனப் பெயர் பெற்ற அந்த உள்ளினத்தின் முறையான குறியீடு டிடிகேஎஸ்கே. இருபது சோதனை வரிசைகள் நான்கு நான்காகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு நான்கிலும் எவை நோயுற்றன என்பதை ஓர் எழுத்து குறிப்பதால் ஐந்து எழுத்துகள் அமைகின்றன. அது கென்யா, எத்தியோப்பியா வழியாக 2006இல் யேமனிலும் 2007இல் ஈரானிலும் காணப்பட்டது. செல்லும் வழியிலேயே எஸ்ஆர்24, எஸ்ஆர்36 ஆகிய மரபணுக்களையும் முறியடிக்கும் மாற்று வடிவங்கள் கென்யாவில் தோன்றின. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் வெவ்வேறு பருவங்களில் கோதுமை விதைக்கப்படுவதால் பசும்பயிர் அறுபடுவதே இல்லை; நீலகிரியின் நிலையே அங்குப் பெரிய அளவில் நிலவுகிறது. போர்லாக் தமது தொண்ணூறாம் வயதுக்குப் பின் எழுப்பிய எச்சரிக்கையின் பேரில், கென்யாவின் நிஜோரோவில் பல நாடுகளின் கோதுமை வரிசைகளை ஆண்டுதோறும் விதைத்துச் சோதிக்கும் ஏற்பாடு உருவாயிற்று. இந்திய வரிசைகளும் அங்கு அனுப்பப்படுகின்றன.

யூஜி99 மீது மட்டும் கண் வைத்ததன் விலையை எத்தியோப்பியா 2013-14இல் கொடுத்தது. அங்கு அந்த உள்ளினத்தைத் தாங்கும் என்பதற்காகவே பரவலாக விதைக்கப்பட்ட டிகலு என்ற ரகத்தை, யூஜி99 குடும்பத்தைச் சேராத டிகேடிடிஎஃப் என்ற வேறோர் உள்ளினம் அழித்தது. 2013இல் ஜெர்மனியிலும் 2016இல் சிசிலியிலும் நோய் தலைகாட்டியபோதும் காரணம் யூஜி99 அன்று.

பெர்பெரிஸ் இல்லாத நிலங்களில் புதிய உள்ளினங்கள் எவ்வாறு பிறக்கின்றன என்ற நெடுநாள் ஐயத்திற்கு 2019இல் ஒரு விடை கிடைத்தது. புல்லில் வாழும் கட்டத்தில் இப்பூஞ்சையின் ஒவ்வொரு செல்லிலும் ஒன்றோடொன்று இணையாத இரண்டு உட்கருக்கள் இருக்கும். யூஜி99இன் இரண்டு உட்கருக்களுள் ஒன்று, ஆப்பிரிக்காவிலிருந்து காற்றில் வந்ததாகக் கருதப்படும், 1954இல் ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்ட 21ஆம் உள்ளினத்தின் ஓர் உட்கருவோடு ஏறக்குறைய முழுதும் ஒத்திருக்கிறது என்று மரபணுத்தொகுதி ஆய்வு காட்டியது. ஒரே செடியில் சந்தித்த இரு பூஞ்சைகளின் இழைகள் இணைந்து, கூடல் இல்லாமலே உட்கருவை முழுதாக மாற்றிக்கொண்டுள்ளன என்பதே இதன் பொருள். பெர்பெரிஸை ஒழித்தால் புதுமை ஒழியும் என்ற பழைய நம்பிக்கை இதனால் மேலும் தளர்கிறது.

அதற்காகப் பெர்பெரிஸை மறந்துவிடுவதும் பிழை. 2010இல் மஞ்சள் துருவுக்கும் அதுவே மாற்று ஓம்புயிர் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். 2017இல் ஸ்வீடனில் பெர்பெரிஸ் அருகே தண்டுத் துருவின் கூடல் நடந்ததற்கான தடயங்கள் கிடைத்தன. இங்கிலாந்தில் 2013இல் சஃபோக் மாவட்டத்தில் ஒற்றைக் கோதுமைச் செடியில், அரை நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், தண்டுத் துரு தென்பட்டது. அதே நாட்டில், பெர்பெரிஸ் இலையை மட்டுமே தின்று வாழும் அருகிவரும் அந்துப்பூச்சி ஒன்றைக் காக்க அப்புதர் மீண்டும் நடப்பட்டுவருகிறது. இரு நோக்கங்களும் நியாயமானவை. கோதுமை வயலிலிருந்து போதிய தொலைவில் நடுவது ஒன்றே இரண்டையும் பொருத்தும் வழி.

2013இல் எஸ்ஆர்35, எஸ்ஆர்33 ஆகிய மரபணுக்கள் பிரித்தெடுக்கப்பட்டன. 2017இல் பூஞ்சைப் பக்கத்தில் எஸ்ஆர்35, எஸ்ஆர்50 ஆகியவற்றுக்கு எதிரிணையான மரபணுக்களும் அடையாளம் காணப்பட்டன. பல எதிர்ப்பு மரபணுக்களை ஒன்றாகக் கோத்து ஒரே ரகத்தில் வைக்கும் முயற்சிகள் இவற்றால் எளிதாகியுள்ளன. டிரையசோல் வகைப் பூஞ்சைக்கொல்லிகளும் பயன் தருகின்றன. எனினும் கொப்புளம் கண்ட ஒரு வாரத்துக்குள் மருந்தும் தெளிப்பானும் கிடைக்கும் உழவருக்கே அப்பயன். இவையெல்லாம் இருந்தும், ஒரு நாட்டின் தற்காப்பில் முதல் வரி நோய் எங்கே தங்குகிறதோ அங்கேதான் எழுதப்பட வேண்டும். இந்தியாவில் அவ்வேலை சிம்லாவின் ஃபிளவர்டேலில் மேத்தா தொடங்கிய நிலையத்திலும், நீலகிரியின் வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல நிலையத்திலும் நடக்கிறது. இயற்கையிலேயே ஆண்டு முழுதும் துரு வரும் வெலிங்டன், ரகங்களைச் சோதிக்கும் களமாகவும் தெற்கு மூலத்தின் காவற்சாவடியாகவும் உள்ளது. நீலகிரியில் கோதுமைப் பரப்பு இன்று மிகக் குறைவு என்பதைக் காட்டி இப்பணியைச் சுருக்கலாம் என்று வாதிடுவோர் இருக்கக்கூடும். ஒரு கொப்புளம் நாளொன்றுக்கு எத்தனை ஸ்போர் உதிர்க்கிறது என்ற கணக்கின்முன் அவ்வாதம் நிற்காது. யூஜி99 இந்தியாவில் இதுவரை பதிவாகவில்லை. அது வருமாயின் முதலில் தங்க ஏற்ற பசும்பயிர் கிடைக்கும் இடங்களுள் நீலகிரியும் ஒன்று. ஆகவே அம்மலைகளில் எந்த ரகக் கோதுமை விதைக்கப்படுகிறது என்பதை அங்குள்ள உழவரின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடாமல், எதிர்ப்புத் திறனுள்ள விதையை அரசே தாராளமாகக் கிடைக்கச் செய்வது, நர்மதைக் கரையில் ஆயிரம் முறை மருந்து தெளிப்பதைவிடச் செலவு குறைந்த காவல்.